முப்பத்தொன்றாவது கேள்வி

முப்பத்து நான்கு ஆண்டுகள் பாம்புக்கடியைத் தட்டச்சு செய்தவன் நான். தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் தேர்வுப் பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். சட்ட மருத்துவத் தாளில் ஒன்றுவிட்டு ஒரு வருடமாவது பாம்பு வந்துவிடும். 'விஷப் பாம்புகளை வகைப்படுத்துக. கடியின் அறிகுறிகளையும் சிகிச்சையையும் விவரி.' விடைக் குறிப்பும் என் கையால்தான் போகும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நால்வரையும் எழுதியவனுக்கு முழு மதிப்பெண். மற்றபடி பாம்பை நான் பார்த்தது கல்லூரி அருங்காட்சியகத்தில், ஃபார்மலின் புட்டிக்குள். அந்த அளவோடு நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை.

இந்தத் தகுதியை நம்பித்தான் என் தங்கை செல்வி மலாக்காவிலிருந்து போன் செய்தாள். அவள் கல்யாணமாகி அங்கே போய் இருபத்தைந்து வருடம் ஆகிறது. கணவர் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை. மகள் தாரிணி அங்கேயே ஒரு தனியார் கல்லூரியில் மருத்துவம் கடைசி வருடம் படிக்கிறாள். அவளுக்கு ஓர் ஆய்வு கொடுத்திருந்தார்கள். மருத்துவ மாணவர்களுக்கு விஷப் பாம்புகளைப் பற்றியும் பாம்புக்கடியைப் பற்றியும் என்ன தெரியும் என்று கேள்வித்தாள் கொடுத்துக் கண்டறிய வேண்டும். பிறகு தோட்டத்து மக்களுக்குத் தமிழில் ஒரு துண்டறிக்கை எழுதி, நேரில் போய்ப் பேச வேண்டும்.

"அண்ணே, நீ ஆயிரம் கேள்வித்தாள் பார்த்த ஆளு. வந்து புள்ளைக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போயேன்."

ஓய்வூதியரின் நாட்காட்டியில் வாழ்வுச் சான்று கொடுக்கும் மாதம் ஒன்றுதான் முக்கியம். அது வர இன்னும் நாள் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

சுங்கை ஊடாங்கில் தங்கை வீட்டு வாசலில் நின்றால் தூரத்தில் எண்ணெய் ஆலையின் புகைபோக்கி தெரிகிறது. அதன் நுனியில் பட்டப்பகலிலும் தீ எரிகிறது. யாரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஒரு பொறுப்புள்ள குடிமகனாக மாப்பிள்ளையிடம் விசாரித்தேன்.

"அது எரியற வரைக்கும் நிம்மதியா இருங்க மச்சான்," என்றார். "அணைஞ்சாத்தான் நாங்க ஓடணும்."

முதல் நாள் சாயந்தரமே தாரிணி கேள்வித்தாளை என் முன் வைத்தாள். மொத்தம் முப்பத்தொரு கேள்விகள். நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டேன். பேனாவை ஊரிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். நல்ல தாள்தான். கடித்த இடத்தைக் கட்டலாமா, கீறலாமா, உறிஞ்சலாமா, கையையோ காலையோ எப்படி அசையாமல் வைப்பது, விஷமுறிவு மருந்து எப்போது கொடுப்பது என்று ஒழுங்காகப் போயிற்று. கடைசிக் கேள்வியில் மட்டும் நிறுத்தினேன். 'சற்றுத் தொலைவிலிருந்து நாகம் ஒருவரின் கண்ணில் விஷத்தைத் துப்பிவிட்டது. முதலில் என்ன செய்வீர்கள்?'

"இது என்னம்மா?"

"இங்க உள்ள நாகம் துப்பும் மாமா. நேரா கண்ணப் பாத்துத்தான் அடிக்கும்."

"கடிச்சதா?"

"இல்ல."

"தலைப்புல என்ன இருக்கு? பாம்புக்கடி. கடியே இல்லாதது தலைப்புக்கு வெளியே. தணிக்கையில முதல்ல இதத்தான் பிடிப்பான். அதுவும் இல்லாம முப்பது கேள்வின்னா ரெண்டு தாள்ல முன்னும் பின்னும் முடிஞ்சிரும். இந்த ஒண்ணுக்காக மூணாவது தாளா?"

அவள் தாளை என் பக்கம் தள்ளினாள். "சரி மாமா," என்றாள். முப்பத்தொன்றின் மேல் நான் ஒரு கோடு இழுத்தேன். ஓரத்தில் சுருக்கொப்பமும் போட்டேன். பழக்கம்.

மறுநாள் காலை மலாக்கா நகரத்துக்குப் போனோம். வழியில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாயும் தேநீரும். ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் தூரத்து உறவு. உடம்பு மெலிந்தது, பருப்புக் குழம்போடு வரும், கோபம் குறைவு. தேநீர்தான் சிக்கல். எனக்குச் சர்க்கரை வியாதி. 'தே' என்றால் கெட்டிப்பாலும் இனிப்பும். 'தே ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'கொசொங்' என்று சேர்த்தால் சர்க்கரை போய்விடும். பால் வேண்டும், இனிப்பு வேண்டாம் என்றால் 'தே சி கொசொங்'. மூன்று தவறான டம்ளர்களைத் திருப்பி அனுப்பிய பிறகு இது பிடிபட்டது. எங்கள் ஊரில் 'சர்க்கரை இல்லாம' என்று கத்தினால் போதும், மாஸ்டர் பாதிச் சர்க்கரை போட்டுத் தருவார். இங்கே சொன்னது சொன்னபடி வந்தது. அரசாணை இப்படித் தெளிவாக இருந்திருந்தால் நான் பாதி வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை.

கல்லூரி விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் தாரிணியின் வகுப்பு உட்கார்ந்திருந்தது. தமிழ்ப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், இந்தியாவிலிருந்து வந்த சிலர். தாள்களைக் கொடுத்ததும் வரிசைகளுக்கிடையே நான் மெதுவாக நடக்க ஆரம்பித்தேன். இது தேர்வு இல்லை, ஆய்வுதான் என்று தாரிணி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். ஆனாலும் நான் பக்கத்தில் போய் நின்றதும் மூன்று பேர் கைப்பேசியைப் பைக்குள் வைத்தார்கள். யாரும் வைக்கச் சொல்லவில்லை.

முதலுதவிக் கேள்விகளை அநேகமாக எல்லோரும் சரியாக எழுதியிருந்தார்கள். கட்டக் கூடாது, கீறக் கூடாது, அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளூர் விஷப் பாம்புகள் நான்கைச் சொல்லுங்கள் என்ற இடத்தில் என் பழைய நண்பர்கள் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். எனக்குக் கல்லூரி ஞாபகம் வந்து மனசு குளிர்ந்தது. அடுத்தது படங்கள். படமெடுத்து நின்ற நாகத்தின் முதுகில் மூக்குக் கண்ணாடிக் குறி தெரிந்ததால் எல்லோருக்கும் மதிப்பெண். அடுத்த படத்தில் குறியே இல்லாத ஒரு கறுப்புப் பாம்பு. பாதிப் பேர் சாரைப்பாம்பு என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண் 'கறுப்பு' என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்துபோயிருந்தாள். ஒரு மலாய்ப் பையன் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்ல, மேசையே சிரித்தது. தாரிணி எனக்கு மொழிபெயர்த்தாள்: "பாம்பைப் பார்த்தா நான் ஓடிருவேன், பேர் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேங்கிறான்."

முப்பதுக்கு முப்பது வாங்கியது ஒரே ஒருவன். தாரிணியின் சிநேகிதன் ஹரீஷ். மலாக்கா நகரத்துப் பையன், அப்பா வழக்கறிஞர். எழுத்தும் அச்சுப் போல இருந்தது.

"அங்கிள், நான் பாடம் பண்ணி எழுதல," என்றான். "புரிஞ்சு எழுதினேன்."

வீடு திரும்பும்போதுதான் தாரிணி விஷயத்தைச் சொன்னாள். நான் பார்த்து மனசு குளிர்ந்த அந்த நால்வரில் ஒருவர்கூட மலேசியாவில் குடியிருப்பதில்லை. இந்தியாவிலிருந்து வந்த பேராசிரியர்கள், இந்தியாவில் எழுதப்பட்ட பாடநூல்கள், ஆகவே இந்தியப் பாம்புகள். இந்த ஊர் நாகம் வேறு இனம். அதுதான் பாதிப் பேர் சாரை என்று எழுதிய கறுப்பு. நான் முப்பத்து நான்கு வருடம் தட்டச்சு செய்த விடைக்குக் கடல் தாண்டினால் மதிப்பெண் பூஜ்யம். ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

துண்டறிக்கையை அன்று மத்தியானம் எழுதினேன். சுருக்கமான, பிழையற்ற, எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய தமிழ்.

வெள்ளிக்கிழமை சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்துக்குப் போக வேண்டும். ஹரீஷ் காரை எடுக்கிறேன் என்றான். பேருந்து நேர அட்டவணை கம்பத்தில் ஒட்டியிருப்பதை நான் முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன், பேருந்தில்தான் போக வேண்டும் என்றேன். எட்டு மணி என்று போட்டிருந்த பேருந்து எட்டு ஐம்பதுக்கு வந்தது. நிறுத்தங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டே போய் ஒரு நிறுத்தம் முன்னதாக எல்லோரையும் இறக்கினேன். நிறுத்தமே இல்லாத இடத்தில் ஓட்டுநர் நிறுத்தியதையும் கணக்கில் சேர்த்தால் இப்படித்தான் ஆகும். வெயிலில் நடந்தோம். ஹரீஷ் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தான். கடைசியில் காய்கறி வண்டி ஓட்டி வந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் நிறுத்தி, எங்களைப் பின்னால் கீரைக்கட்டுகளோடு ஏற்றிக்கொண்டார். இரண்டு பேர் டாக்டருக்குப் படிப்பவர்கள் என்று கேட்டதும் ஏதோ சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். தாரிணி மொழிபெயர்த்தாள்: "டாக்டருங்களே வெயில்ல மயங்கி விழுந்தா யாரு தூக்கறதாம்?"

தோட்டம் முழுக்கச் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. நடைபாதைக்கு இருபுறமும் வெட்டிப் போட்ட மட்டைகள் குவியல் குவியலாகக் கிடந்தன. உதிர்ந்த பழத்துக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது என்று ஹரீஷ் விளக்கினான். முப்பதுக்கு முப்பது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இப்போது வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும்தான். தமிழ்க் குடும்பங்கள் சிம்பாங் அம்பாட்டில் வீடு வாங்கிப் போய்விட்டன. ஆனால் கோயில் தோட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமை எல்லோரும் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்துவிடுகிறார்கள். கோயிலுக்குப் பின்னால் ஆளுயரப் புற்று. மழை படாமல் மேலே தகரக் கூரை போட்டு, மஞ்சள் துணி சுற்றியிருந்தார்கள். அதற்குப் பாலும் முட்டையும் வைப்பது வழக்கம்.

கோயில் தலைவர் கோபால் மண்டபத்து ஒலிபெருக்கியில் எங்களை 'டாக்டர் குழு' என்று அறிமுகப்படுத்தினார். என்னையும் சேர்த்துத்தான். நான் மறுக்க எழுந்திருப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள். துண்டறிக்கையைக் கொடுத்ததும் முன்வரிசையில் இருந்த பரமேஸ் என்ற பெண்மணி சத்தமாக வாசித்தார். கையுறை செய்யும் ஆலையில் வேலை பார்ப்பவர், ஐம்பது வயதிருக்கும்.

"'பாம்பினால் தீண்டப்பட்ட நபர் அசைவற்ற நிலையில் வைக்கப்படுதல் வேண்டும்.' ஐயா, இது நோட்டீசா, கோர்ட் லெட்டரா?"

மண்டபம் சிரித்தது. தாரிணியும் சிரித்தாள்.

"ஆட்டாம வச்சிருக்கணும், அதாங்க்கா," என்றாள்.

"அத அப்படியே எழுதியிருக்கலாமே லா!"

எழுதியிருக்கலாம். அந்த ஊர்ப் பேச்சின் வாலில் ஒட்டும் 'லா'வையும் சேர்த்தே எழுதியிருக்கலாம். அந்த நேரம் மண்டபத்துக்குப் பின்பக்கம் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாரு என் வீட்டுக்காரரு," என்றார் பரமேஸ். "கூட்டத்துக்கு வர மாட்டாரு. மொதல்ல புத்துக்கு முட்ட வைக்கணும். பாம்பு பசியாறினாத்தான் பொண்டாட்டி ஞாபகம் வரும்."

அவர் கணவர் மணியம், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். அன்று அவர் போன வாரத்து முட்டை ஓடுகளைப் பொறுக்க நினைத்து, புற்றடியில் சாய்ந்து கிடந்த பழைய தகரத் துண்டைத் தூக்கியிருக்கிறார். நாங்கள் கேட்டது அலறல் மட்டும்தான்.

இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டபத்தின் பக்கவாட்டில் தடுமாறி வந்தார். "நல்லது! நல்லது படம் எடுத்துருச்சு!" என்று கத்தினார். நாகத்தைப் பெயர் சொல்லாமல் அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். தூணில் மோதி உட்கார்ந்தார்.

ஹரீஷ்தான் முதலில் ஓடினான். குறை சொல்ல முடியாது, படித்ததை ஒன்றுவிடாமல் செய்தான். கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்துக் குறித்தான். மணியத்தின் மோதிரத்தைக் கழற்றினான். தகரத்தைத் தூக்கிய வலது கையில் பல் பதிந்திருக்கிறதா என்று விரல் விரலாகத் தேடினான். "பைட் மார்க் இல்ல. ஆனா இல்லாமயும் இருக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே, துண்டறிக்கைக் கட்டைச் சுருட்டி வைத்து அந்தக் கையை ஆடாமல் அசையாமல் துணியால் சுற்ற ஆரம்பித்தான். அந்த மனிதர் இன்னொரு கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"கை இல்ல தம்பி, கண்ணு! கண்ணு எரியுது!"

"ரிலாக்ஸ் அங்கிள், ஆட்டாதீங்க, விஷம் பரவும்."

தலைவர் கோபால் புற்றுக்கு வைத்திருந்த பால் சொம்போடு ஓடி வந்தார். பாலில் மஞ்சளும் குங்குமமும் மிதந்தன. யாரோ விபூதித் தட்டை எடுத்து வந்தார்கள். "சாமிக்குக் கோவம்," என்றார் கோபால். "தொடக் கூடாத எடத்துல தொட்டுட்டான். இத கண்ணுல ஊத்துங்க."

"தண்ணி," என்றாள் தாரிணி. அவளுக்கு இயல்பிலேயே மெல்லிய குரல். இருபது பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்த இடத்தில் அது யார் காதிலும் விழவில்லை. "தண்ணிதான் ஊத்தணும்." ஹரீஷ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, இதுதான் முப்பத்தொண்ணு."

ஓர் அலுவலகத்தில் எண்பது பேரை வேலை வாங்கியவனுக்கு ஒரு குரல் உண்டு. ஓய்வு பெற்ற நாளில் அதைச் சாவிக்கொத்தோடு சேர்த்து ஒப்படைத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

"எல்லாரும் நிறுத்துங்க! பாலக் கீழ வைங்க. யாரும் கண்ணத் தொடக் கூடாது. இந்தப் பொண்ணு சொல்றது மட்டும்தான் நடக்கணும்!"

மண்டபம் நின்றது. ஒலிபெருக்கிக்காரர்கூட எதையோ அணைத்தார்.

தாரிணி மண்டியிட்டு மணியத்தின் கையைக் கண்ணிலிருந்து விலக்கினாள். வாசலில் கால் கழுவும் குழாயும் அதில் செருகிய பச்சை ரப்பர் குழாயும் இருந்தன. அதைக் கொண்டு வரச் சொன்னாள்.

"கால் கழுவற தண்ணியவா கண்ணுல ஊத்தறது?" என்றார் கோபால். "மடப்பள்ளித் தொட்டியில இருந்து எடுத்தாரச் சொல்றேன் லா, இருங்க."

"தொட்டிக்கு எங்கிருந்து தண்ணி வருது?" என்றேன்.

அவர் யோசித்தார். "இதே பைப்புதான்."

"அப்போ இதே தண்ணிதான்."

மணியத்தைச் சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். ஹரீஷ் கைக்கட்டை அவிழ்த்துவிட்டு அவர் தலையைத் தாங்கிப் பிடித்தான். தாரிணி இமைகளைப் பிரிக்க, பரமேஸ் ரப்பர் குழாயைப் பிடித்தார். சிரிப்பெல்லாம் எங்கோ போயிருந்தது. மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் ஓட வேண்டும், ஒரு கண் தண்ணீர் மற்றதில் படக் கூடாது, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, இருபது நிமிஷத்துக்குக் குறையக் கூடாது என்றாள் தாரிணி. நான் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நிமிஷமும் கடந்ததைச் சத்தமாகச் சொன்னேன். நேரத்தைக் கூவியதைத் தவிர இந்தக் காரியத்தில் என் பங்கு வேறில்லை.

ஐந்தாவது நிமிஷத்தில் மணியம் தண்ணீருக்கிடையில் கேட்டார்: "யாரு இது, பக்கத்துல நின்னு கத்தறது?"

"இந்தியாவுல இருந்து வந்திருக்காரு. அந்தப் புள்ளையோட மாமா," என்றார் பரமேஸ்.

"பெரிய ஆபீசரா?"

"ரிட்டையர்டு," என்றேன்.

"அதான். எங்க பழைய தோட்டத் தொரைகூட இப்படிக் கத்த மாட்டாரு." பிறகு குரல் மாறியது. "ஐயா, அடுத்த மாசம் லாரி லைசன் புதுப்பிக்கணும். கண்ணு டெஸ்ட் வைப்பாங்க. தெரியலன்னா ஒண்ணும் இல்ல. எனக்கு வேற வேல தெரியாது."

"ஆறு," என்றேன். கடிகாரத்தில் அடுத்த நிமிஷம் முடிந்திருந்தது.

"சாமிக்குக் கோவம் தணியணும்," என்று கோபால் முணுமுணுத்தார்.

"கோவத்த அப்புறம் பாத்துக்கலாம் தலைவரே," என்றார் கீழே படுத்திருந்தவர். "மொதல்ல கண்ணக் குடுக்கச் சொல்லுங்க."

இருபது நிமிஷம் முடிந்ததும் கோபாலின் காரில் ஏற்றினோம். வழி நெடுக பரமேஸ் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தார். காருக்குள் மழை பெய்தது போல இருந்தது. கோபால் இருக்கையைத் துடைக்கக்கூட வண்டியை நிறுத்தவில்லை.

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு எனக்குப் பிடித்துப்போயிற்று. வாசலிலேயே ஆளைப் பார்த்து, எவ்வளவு அவசரம் என்று பிரித்து, நிறத்தால் அடையாளப்படுத்தி உள்ளே அனுப்புகிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் எவ்வளவு அவசரம் என்பதைக் கூட வந்தவர்களின் தொண்டைதான் முடிவு செய்யும். மலாய்க்காரப் பெண் மருத்துவர் ஒருவர் மணியத்தின் கண்ணில் மஞ்சள் சாயச் சொட்டு விட்டு, நீல விளக்கில் பார்த்தார். உடம்பில் கடி இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டார். பிறகு தாரிணியிடம் ஏதோ கேட்டார். அவள் இருபது நிமிஷம் என்று விரல்களால் காட்டினாள். மருத்துவர் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கருவிழியின் மேல்தோல் இரண்டு கண்ணிலும் உரிந்திருக்கிறது, இடது கண்ணில் அதிகம். ஆறினால் நல்லது, கிருமி பிடித்தால் தழும்பாகிப் பார்வை மங்கும். மூன்று நாள் வீட்டிலேயே சொட்டு மருந்து, திங்கட்கிழமை கண் பிரிவில் பார்க்க வேண்டும். தாரிணி இதைப் பரமேஸுக்குச் சொன்னபோது 'ஆறினால்' என்ற சொல்லை இரண்டு முறை சொன்னாள்.

நடைக்கூடத்தில் ஹரீஷ் தனியாக உட்கார்ந்திருந்தான். "கையக் கட்டிக்கிட்டு இருந்தேன் அங்கிள்," என்றான். "அவரு கண்ணு கண்ணுன்னு சொல்றாரு, நான் கையக் கட்டறேன்."

நான் அவனுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். தாளில் அந்தக் கேள்வி இல்லாததற்குக் காரணம் நான்தான் என்று உண்மையைச் சொன்னேன். தாரிணி பக்கத்தில்தான் நின்றாள்.

"நீங்க எடுக்கச் சொன்னீங்க, நான் எடுத்தேன்," என்றாள். "அது தேவைன்னு எனக்குத் தெரியும். உங்ககிட்ட ஏன் எதுத்துப் பேசணும்னு விட்டுட்டேன். இங்கயும் அதேதான் செஞ்சேன். ரெண்டு நிமிஷம் சும்மா நின்னேன் மாமா. அந்த ரெண்டு நிமிஷத்துல எவ்வளவு உரிஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்?"

என் பணிக்காலத்தில் என் கோட்டைத் தாண்டிப் பேசாதவர்களைத்தான் நல்ல ஊழியர்கள் என்று குறிப்பெழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை எங்களை உம்பாய்க்குக் கூட்டிப்போனார். கடலோரத்துக் கடைகளில் மீனை நாமே பொறுக்கிக் கொடுத்தால், காரமான சம்பல் பூசி வாழையிலையில் வைத்துச் சுட்டுத் தருகிறார்கள். பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம் நண்டை ஓட்டோடு உடைத்துக்கொண்டிருந்தது. திருக்கை மீன் வந்தது. எங்கள் ஊரில் திருக்கையைப் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு போட்டுக் குழம்பு வைப்பார்கள். இப்படி அலங்காரம் செய்து உட்கார வைத்து நான் பார்த்ததில்லை. ருசியாகத்தான் இருந்தது. பாதியில் தாரிணியின் போன் அடித்தது. பரமேஸ்.

"வலது கண்ணுல வெளிச்சம் தெரியுதாம்," என்றாள் போனை வைத்துவிட்டு. "இடது கண்ணு தொறக்கவே முடியல. வீங்கியிருக்கு. அவரு சாப்பிடாம சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்திருக்காராம்."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் நானும். மிச்சத்தைச் செல்வி பொட்டலம் கட்டிக்கொண்டாள். காசு கொடுத்த மீன் மேல் அவளுக்கு வருத்தம் ஏதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் எழுதுவதற்கு இல்லை. மழை பெய்தது. தாரிணி இரண்டு முறை போன் செய்தாள், இரண்டு முறையும் பரமேஸ் 'அப்படியே இருக்கு லா' என்றார்.

திங்கட்கிழமை சாயந்தரம் எனக்கு விமானம். காலையில் கண் பிரிவுக்குப் போகத் தாரிணி கிளம்பினாள். நீ போக வேண்டாம், பெட்டியைக் கட்டு என்றாள் செல்வி. அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் காரில் இருந்தேன்.

மணியம் உள்ளே போயிருந்தார். பரமேஸ் வெளியே பெஞ்சில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தார். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. உள்ளே எழுத்துப் பலகையை வாசிக்கும் குரல் கேட்டது. வலது கண்ணில் வேகமாகப் படித்துக்கொண்டே போனார், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இன்னும் சின்னது. பிறகு இடது கண். தாதி ஏதோ சொன்னார். மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார், இந்த முறை நிறுத்தி நிறுத்தி. தாரிணி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நான்காவது வரியில் தப்பாகச் சொல்லி, அவரே திருத்திக்கொண்டார். ஐந்தாவது வரியையும் எட்டிப் பிடித்தார். ஆறாவது இல்லை.

மருத்துவர் கதவைத் திறந்து தாரிணியை அழைத்து விளக்கினார். மேல்தோல் மூடிக்கொண்டு வருகிறது, கிருமி இல்லை, தழும்பும் தெரியவில்லை. இடது கண்ணும் வாரம் பத்து நாளில் தெளிந்துவிடும். லைசன் சோதனைக்கு இடைஞ்சல் இருக்காது என்றே நினைக்கிறார். தாரிணி இதைத் தமிழில் சொல்லும்போதே பரமேஸ் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு அவளை விட்டுவிட்டு, வெளியே வந்த கணவரின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"இனிமே தகரத்தத் தூக்குவீங்க? தூக்குவீங்க?"

"அடிக்காத, கண்ணு அதிருது," என்றார் மணியம். கனமான மனிதர், சிவந்த கண்கள், இமையெல்லாம் மருந்துப் பிசுக்கு. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தாரிணியைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் கூச்சத்தோடு தலையை ஆட்டினாள்.

"அந்தக் கத்தின ஐயா எங்க? வரலயா?"

தாரிணி என்னைக் காட்டினாள்.

அவர் என்னைத் தலையிலிருந்து செருப்பு வரை பார்த்தார். பிறகு செருப்பிலிருந்து தலை வரை. பார்க்கிற வேலையை அவர் அவசரப்படாமல் செய்தார்.

"இவரா?" என்றார். "சத்தத்தக் கேட்டு ஆறடி இருப்பாருன்னுல்ல நெனச்சேன்!"

"வாய மூடுங்க," என்றார் பரமேஸ்.

"ஐந்தடி மூன்றங்குலம்," என்றேன்.

"இருக்கட்டும் ஐயா, இருக்கட்டும்." கிட்டத்தில் வந்தார். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் என் நெஞ்சைப் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை. "சட்டப் பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க. மூணாவது."

குனிந்து பார்த்தேன். மூன்றாவதேதான்.